ரஷ்யப் பள்ளிக்கூடக் காதல்: திரையிலும் படிக்கட்டிலும்

அடுத்த கேள்வி, ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "ரஷ்யாவுல ஸ்கூல் பசங்க காதலிச்சா வீட்ல கண்டுக்கவே மாட்டாங்களாமே, நிஜமாண்ணா?"

யாரும்மா சொன்னது? 1981-ல ஒரு சோவியத் படம் வந்துச்சு, இல்யா ஃப்ரேஸ் எடுத்தது. பேரைத் தமிழ்ல சொன்னா, 'நீங்க கனவுலகூடக் கண்டிருக்க மாட்டீங்க'. ரோமா, காத்யான்னு ரெண்டு பேர், ஒரே கிளாஸ். ரோமாவோட அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. ஏன்னா அவங்க வீட்டுக்காரர் ஒரு காலத்துல உருகி உருகிக் காதலிச்சது காத்யாவோட அம்மாவை! அந்தப் பழைய வயித்தெரிச்சல் பையன் தலையில விடியுது. லெனின்கிராட்ல பாட்டிக்கு உடம்பு முடியலன்னு பொய் சொல்லி அவனை அனுப்பிடுறாங்க. பாட்டியும் இதுல கூட்டு, படுத்துக்கிட்டே நடிக்கும்!

அதுல 'கடைசிக் கவிதை'ன்னு ஒரு பாட்டு வரும். வரிகள் யாரோடது தெரியுமா? நம்ம தாகூர். ரஷ்ய மொழிபெயர்ப்புக்கு ரிப்னிகோவ் மெட்டுப் போட்டிருக்கார். இன்னொண்ணு, காத்யாவா நடிச்ச அக்ஸ்யூத்தாவுக்கு அப்போ 23 வயசு, ரோமாவா நடிச்ச பையனுக்கு 16. பார்த்தா சத்தியமா தெரியாது.

ஆனா நிஜத்துல அம்மாவைவிடப் பெரிய தலைவலி, உக்காந்து பேச இடம். சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்துல கட்டின ஃப்ளாட்ல ரெண்டே ரூம், அதுல பாட்டி வேற. வெளிய மைனஸ் இருபது. அப்புறம் எங்க போவாங்க? அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குத்தான். மாடி திரும்புற இடத்துல ஒரு ஜன்னல், அதுக்குக் கீழ ஹீட்டர். நனைஞ்ச கையுறையை அதுமேல காயப் போட்டுட்டு ஜன்னல் திட்டுல ஏறி உக்காந்துக்குவாங்க. கொஞ்ச நேரத்துல ஏதாவது ஒரு வீட்டுக் கதவு லேசாத் திறக்கும், "யார் வீட்டுப் பிள்ளைங்க நீங்க?"ன்னு ஒரு பாட்டி. காதல் காலி!

மார்ச் 8, மகளிர் தினத்துக்குப் பையன் பூ வாங்கிட்டுப் போகணும். மூணு, அஞ்சுன்னு ஒத்தைப்படையிலதான் வாங்கணும், ரெட்டைப்படைன்னா சாவு வீட்டுக்கு. பூக்கடையில நின்னு எண்ணிக்கிட்டிருக்கிற பசங்களைப் பார்க்கவே பாவமா இருக்கும். பதினெட்டு வயசானா பட்டாளத்துக்குக் கூப்பிடுவாங்க. முன்னாடி ரெண்டு வருஷம், 2008-லேர்ந்து ஒரு வருஷம். அவன் வர்ற வரைக்கும் அவ காத்திருப்பாளாங்கிறதுதான் அங்க ஊருக்கே பேச்சு.

படிக்கட்டுக் காதலும் இப்போ குறைஞ்சு போச்சு. கீழ் வாசல்ல இரும்புக் கதவு, நம்பர் பூட்டு போட்டுட்டாங்க. பசங்க மால்ல ஒரு டீயை வாங்கி வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்காங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போலாமா?