ஓர் இணுக்கு கறிவேப்பிலை

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இது காலையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒடித்த இணுக்கு. முன்வரிசை அக்கா எண்ணிப் பார்த்து 17 இலை என்கிறார். தாவரவியல் கணக்கில் இந்த 17-ம் சேர்ந்துதான் ஒரே இலை. நாம் கிள்ளுவதெல்லாம் சிற்றிலை. ஒன்றைக் கிள்ளி அந்த டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளி தெரிகிறதா? எண்ணெய்ச் சுரப்பிகள். மணமெல்லாம் அங்கேதான். வேப்பிலையில் இந்தப் புள்ளி கிடையாது. எலுமிச்சையில், நாரத்தையில் உண்டு. பேரில்தான் வேம்பு, சொந்தமெல்லாம் எலுமிச்சையோடு.

வண்ணத்துப்பூச்சிக்கு இது எப்போதோ தெரியும். எலுமிச்சையில் முட்டையிடுகிற அதே பூச்சி இதிலும் இடும். இளம்புழு பார்க்கக் காக்கை எச்சம் மாதிரியே ஒட்டிக்கிடக்கும். எச்சம்தானே என்று நான் ஒருநாள் சுண்டிவிடப் போக, தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது பாருங்கள், கையை உதறிவிட்டேன். இத்தனைக்கும் தாவரவியல் வாத்தியார்!

முர்ராயா கேனிகி என்பது கறிவேப்பிலையின் அறிவியல் பெயர். பெயரில் வரும் கேனிக், செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து நம் பக்கத்துச் செடிகளைத் தேடி அலைந்தவர்.

சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் மருந்து பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பசியின்மை, செரியாமை, கழிச்சலுக்கு இதைக் கொடுப்பது பழைய வழக்கம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறைந்ததும் உண்மை. அதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நரைமுடி கறுக்கும் என்கிறார்களே, என் தலையைப் பார்த்தாலே பதில் தெரியும்.

தாளிக்கும்போது மணம் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் நாரும் இலையிலேயே நிற்கின்றன. அதைத்தான் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். 100 கிராமில் கால்சியம் 600 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் ஆக்சாலிக் அமிலமும் கூடவே இருப்பதால் அவ்வளவும் உடம்பில் சேராது. தாளிப்பில் நாலு இலை போட்டு என்ன கிடைத்துவிடும்? எங்கள் ஆச்சி நல்லெண்ணெயில் உளுந்தும் மிளகும் வறுத்து, இரண்டு கை இலையை வதக்கி, புளியோடு அம்மியில் மைய அரைத்துக் கொதிக்கவிடுவாள். பிள்ளை பெற்றவளுக்கென்று வைத்த குழம்பு. சட்டியை வழிப்பது நாங்கள்.

சரி, வாசல் மேஜையில் கறுத்துப் பழுத்த கறிவேப்பிலைப் பழம் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சதையைப் பிதுக்கிவிட்டு விதையை இன்றைக்கே ஊன்றுங்கள். காயவிட்டால் முளைப்பது கஷ்டம்.