குதிரை மூழ்கத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் வரை வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'எல்லோரும் விரும்பிப் படித்த மாயக்கதை நாவலைக் குடும்பப் படமாக எடுக்கும்போது, அதிலுள்ள பயத்தையும் துயரத்தையும் குறைக்க வேண்டுமா, அப்படியே வைக்க வேண்டுமா?' இதுதான் தலைப்பு. அப்படியே வைக்க வேண்டும் என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காரத்தைக் குறைக்கிறோமா இல்லையா? கதைக்கும் அதுதானே நியாயம்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். ஐயா, அதே குழந்தைக்குச் சளி பிடித்தால் மிளகு ரசம் வைக்கிறோம். மிளகை எடுத்துவிட்டா வைக்கிறோம்? அந்தக் காரத்துக்காகத்தானே அந்த ரசம்!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாவலில் எதையுமே மாற்றக் கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. மாற்றாமல் படம் எடுக்க முடியாது. 1900-இல் வந்த ஓஸ் மந்திரவாதி நாவலில் டோரத்தி என்ற சிறுமி போட்டுக்கொள்வது வெள்ளிக் காலணி. 1939-இல் வண்ணப்படமாக எடுத்தபோது திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதைச் சிவப்புக் காலணி ஆக்கினார்கள். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'கோரலைன்' நாவலில் அதே பெயருள்ள சிறுமி பெரும்பாலும் தனியாக, தனக்குள் யோசித்துக்கொண்டே போவாள். யோசனையைக் கேமராவால் பிடிக்க முடியாது. அதனால் 2009-இல் வந்த படத்தில் பேச்சுத்துணைக்கு ஒரு பையனைப் புதிதாகச் சேர்த்தார்கள். சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தப் படக்குழு எதைத் தொடவில்லை என்று பாருங்கள். அவள் வீட்டிலுள்ள ஒரு மாயக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு அம்மா, வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டு, கொஞ்சி, கடைசியில் இரண்டு கறுப்புப் பொத்தான்களையும் ஊசி நூலையும் எடுத்து முன்னால் வைக்கிறாள். இங்கேயே இருக்க வேண்டுமென்றால் கண்ணில் இதைத் தைத்துக்கொள்ள வேண்டும்! அந்தப் பொத்தான் அப்படியே இருக்கிறது. அது போயிருந்தால் அந்தப் படத்தில் என்ன மிச்சம்?

இப்போது அதே 1939 படத்துக்குத் திரும்புவோம். காலணி நிறத்தை மாற்றியவர்கள் இன்னொன்றையும் மாற்றினார்கள். நாவலில் டோரத்தி உண்மையிலேயே ஓஸ் என்ற மாய நாட்டுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது அங்கே நிற்பது அவளுடைய பழைய வீடு இல்லை. பழையதைச் சூறாவளி தூக்கிப்போய்விட்டதால் மாமா புதிதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். போனது நிஜம், பட்டது நிஜம். படத்தில் என்ன செய்தார்கள்? மண்டையில் அடிபட்டு அவள் கண்ட கனவு என்று முடித்துவிட்டார்கள். மிகச் சிறந்த படம், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவு தூரம் அவளோடு பயந்து பயந்து நடந்து வந்த குழந்தையிடம், 'ஒன்றும் நடக்கவில்லை, தூங்கு' என்று சொல்வது எப்படி நியாயம்?

அடுத்து எதிரணிச் சகோதரி, மிகாயேல் எண்டே எழுதிய 'நெவர் எண்டிங் ஸ்டோரி'யை எங்களுக்கு எதிராகக் கொண்டுவந்தார். 1979-இல் வந்த ஜெர்மன் நாவல், 1984-இல் படமானது. அந்தப் படம் பிடிக்காமல் எழுத்தாளர் வழக்குப் போட்டார், தோற்றார். படத்தின் தொடக்கத்தில் தன் பெயர் வரக் கூடாது என்று எடுக்கவைத்தார். "எழுத்தாளருக்குப் பிடிக்காவிட்டாலும் குழந்தைகள் கொண்டாடினார்களே!" என்றார் சகோதரி. கொண்டாடினார்கள், உண்மை. அவர்கள் இன்று வரைக்கும் மறக்காத காட்சி எது? துயரச் சதுப்பு நிலம். மனத்தைச் சோகம் பிடித்துக்கொண்டால் அங்கே கால் புதைந்துவிடும். அட்ரேயு என்ற சிறுவன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறான், கெஞ்சுகிறான், கத்துகிறான். அவனுடைய வெள்ளைக் குதிரை அசையாமல் நிற்கிறது. சேறு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அதன் கழுத்து வரைக்கும் வருகிறது. குடும்பப் படம்தான் அது. யாரும் அந்தக் காட்சியை வெட்டவில்லை.

என் தங்கை மகனுக்கு 7 வயது. இந்தக் காட்சி வந்தபோது நிறுத்தலாமா என்று அவன் அம்மா கேட்டாள். "வேணாம், அது வெளிய வருதான்னு பாக்கணும்" என்றான். வரவில்லை. பாட்டியின் மடிப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு மீதிப் படத்தையும் பார்த்தான். மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டான்: "தாத்தா செத்தப்ப பாட்டி அவ்ளோ அழுதாங்களே, அவங்க ஏன் மூழ்கல?" தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில் பிள்ளை முன்னால் யாரும் அவர் பேச்சையே எடுத்ததில்லை. அவன் மனம் வாடிவிடும் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். அன்று சாயங்காலம் பாட்டியும் பேரனும் உட்கார்ந்து தாத்தாவைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவர் அவர்களே, அந்தக் குதிரையை யாராவது முன்கூட்டியே காப்பாற்றியிருந்தால் அவன் அந்தக் கேள்வியை எங்கே போய்க் கேட்டிருப்பான்?

ஆமாம், படத்தின் கடைசியில் குதிரை உயிரோடு வருகிறது. எதிரணியில் தலையாட்டுவது தெரிகிறது. வரட்டும். முழுசாகப் போனதால்தான் அது திரும்பி வருவதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அந்தப் படம் பயந்துபோன இடமும் ஒன்று உண்டு. நாவலில் ஏறக்குறைய பாதியோடு படம் முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. கதையைப் படித்துக்கொண்டிருந்த பாஸ்டியன் என்ற சிறுவன் கதைக்குள்ளேயே போய்விடுகிறான். நினைத்ததெல்லாம் அங்கே நடக்கும். ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் அவனுடைய ஒரு நினைவு போய்விடும். அழகு கேட்டான், வீரம் கேட்டான், எல்லாம் கிடைத்தது. அப்பா, அம்மா, கடைசியில் தன் பெயர் வரைக்கும் மறந்துபோகிறது. படத்திலோ, எத்தனை ஆசை வேண்டுமானாலும் கேள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வரம் இருக்கிறது, அதற்கான விலை இல்லை. எழுத்தாளர் கோபத்துக்கு அவருக்கென்று ஆயிரம் காரணம் இருந்திருக்கும். வாசகனாக எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாயத் தாதி மேரி பாப்பின்ஸ் பற்றியும் சொன்னார்கள். 1964 படத்தின் முதல் திரையிடலில் எழுத்தாளர் டிராவர்ஸ் அழுதார், ஆனால் படம் 5 ஆஸ்கர் வாங்கியது, எனவே குறைப்பதே வெற்றி என்றார்கள். காற்று திசை மாறியதும் அவள் போய்விடுகிறாள். அது நாவலிலும் உண்டு, படத்திலும் உண்டு. நாவலில் சின்னப்பையன் மைக்கேல் தரையில் விழுந்து அழுகிறான். படத்தில் பிள்ளைகள் அப்பாவோடு பட்டம் விடப் போய்விடுகிறார்கள், பிரிவின் வலி அவள் முகத்தில் மட்டும் ஒரு நொடி தெரிகிறது. எனக்கு அந்த ஒரு நொடிதான் படத்தில் மிகவும் பிடித்தது. அந்த வலியில் பாதியைப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருந்தால் ஆஸ்கர் ஒன்றும் குறைந்திருக்காது.

அப்புறம், நம் ஊருக்கு வருவோம். குழந்தைகளுக்கு இது தாங்காது என்கிறார்களே, நாம் என்ன கதை கேட்டு வளர்ந்தோம்? நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட கதையைப் பாட்டி சொல்லித்தான் கேட்டோம். பிரகலாதனைப் பெற்ற தகப்பனே நெருப்பில் போட்டான், யானைக் காலில் இடறச் செய்தான். தூண் பிளந்து சிங்கமுகத்தோடு ஒருவர் வந்து அந்தத் தகப்பன் வயிற்றைக் கிழிக்கிறார். இந்தக் கதையை நாம் யாருக்குச் சொல்கிறோம்? 5 வயதுப் பிள்ளைக்கு! திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போனால் அந்த நரசிம்மரைத் தெள்ளியசிங்கராகக் காட்டி, கைகூப்பச் சொல்லித் தருகிறோம். பிரகலாதனை அவன் அப்பா லேசாகத் திட்டினார் என்று எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. நெருப்பு நெருப்பாக இருப்பதால்தான் 'தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்' என்று அந்தப் பையன் சொல்லும்போது நமக்குச் சிலிர்க்கிறது.

வியாபாரம் என்று ஒன்று இருக்கிறது, தெரியும். 2011-இல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கு, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற யு சான்றிதழை நிபந்தனையாக வைத்தார்கள். படம் எடுப்பவர் பணம் போட்டவர், அவர் யு கேட்டு அலைந்ததில் தப்பில்லை. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2024-இல் தணிக்கை விதிகளும் மாறி, யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது. 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பார்க்கலாம், அதற்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் கூட்டிவரலாம். முன்பு இல்லாத இடம் இப்போது இருக்கிறது. தன் பிள்ளைக்கு எது தாங்கும் என்று அம்மா அப்பாவுக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கத்திரியால் வெட்டும் உரிமையை எடிட்டிங் மேசைக்கு யார் கொடுத்தது?

மணி அடித்துவிட்டார்கள். தமிழில் நாளை ஒரு நல்ல மாயக்கதை நாவல் படமாகும். அதன் இயக்குநர் இந்த அரங்கில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம், 10 வயதுப் பிள்ளையாகக்கூட. அவருக்கும் சேர்த்து எங்கள் அணிக்கே தீர்ப்புத் தர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.