என் முதல் ஃப்ளையப் பாத்து மீனே சிரிச்சிருக்கும்

வணக்கம் மக்களே, சவுண்ட் கேக்குதா... ம், ஓகே. இன்னைக்கு தண்ணிப் பக்கம் போகல, டேபிள்ல உக்காந்துட்டேன். போன வீடியோ கடைசில ஒரு மீன் மாட்டுச்சுல்ல, அது கவ்வின ஃப்ளை இதான், பூச்சி மாதிரி தெரியட்டும்னு தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்திக் கட்டுறது, இருங்க ஃபோகஸ் ஆகட்டும், பாத்தீங்களா எவ்ளோ கேவலமா இருக்குன்னு. வாலு பாதி போச்சு, தலை உருண்டையா வீங்கிக் கிடக்கு, நூல் அங்கங்க பிதுங்கி நிக்குது. நான் கட்டுனதுலயே இதான் முதல் ஃப்ளை, அதுக்குப் போயி ஒரு மீன் வந்துச்சு பாருங்க, அந்த மீனுக்கு கண்ணு தெரியலையா இல்ல என் மேல பாவப்பட்டுச்சான்னு தெரியல.

புதுசா பாக்குறவங்களுக்கு ஃப்ளை வச்சு எப்படி மீன் பிடிக்கிறதுன்னு சட்டுனு சொல்லிடுறேன். சாதா தூண்டில்ல ஈயக்குண்டுதான் நரம்ப இழுத்துட்டுப் போகும், சரியா, இதுல முள்ளுல கட்டியிருக்குறது இறகும் நூலும் தான், ஊதுனா பறந்துடும், அப்புறம் எப்படி அவ்ளோ தூரம் போய் விழும்னா, இங்க வெயிட்டு லைன்ல, அதாவது அந்தத் தடிச்ச கயித்துல இருக்கு, நீங்க வீசுறது ஃப்ளைய இல்ல லைன, ஃப்ளை சும்மா அது பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகும்.

பின்னாடி வீசுறீங்க, டக்னு நிறுத்துறீங்க, லைன் முதுகுக்குப் பின்னாடி முழுசா விரியுற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம்தான் முன்னாடி. அந்தக் காத்திருக்குறதுதான் எனக்கு வரவே இல்ல, நான் ஒரு அவசரக்குடுக்கை, சாட்டை சொடுக்குற மாதிரி பட்டுனு ஒரு சத்தம் வரும், பாத்தா நுனில ஃப்ளை இருக்காது, அறுந்து எங்கயோ போயிருக்கும். ரெண்டு வாரம் ராட், அதான் தூண்டில் கம்பு, சரியில்லன்னு திட்டிட்டு இருந்தேன், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதை தான். ஒரு தடவ என் காதுலயே வந்து குத்திருச்சு. முள்ளு நுனிக்குக் கீழ பின்பக்கமா நீட்டிட்டு இருக்குற எதிர்முனைய குறடு வச்சு முன்னாடியே நசுக்கி வச்சிருந்ததால வழுக்கிட்டு வெளிய வந்துச்சு, இல்லேன்னா அன்னைக்கு ஆஸ்பத்திரிதான். நீங்களும் நசுக்கிடுங்க, மீன உசுரோட திருப்பி விடுறதுக்கும் அதான் நல்லது. தொப்பியும் கண்ணாடியும் போடாம வீசாதீங்க ப்ளீஸ்.

சரி கட்டுறதுக்கு வருவோம். காசு மிச்சமாகும்னு யாராச்சும் சொன்னா நம்பவே நம்பாதீங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், இப்ப ரெண்டு டப்பா நெறைய இறகு, வீட்ல கோழி வளக்குறியான்னு கேக்குறாங்க.

இன்னைக்கு வூலி பக்கர்னு ஒரு ஃப்ளை, முதல்ல கட்டிப் பழக இதான் சரி, முள்ளு பெருசு, கையும் கண்ணும் தப்பிச்சிடும். இது 8ம் நம்பர் முள்ளு, நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 20, 22 எல்லாம் விரல் நுனில வச்சா காணாமப் போயிடும், அதெல்லாம் இப்ப நமக்கு வேணாம். வைஸ்ல, அதாவது இந்தக் குட்டி இடுக்கில, முள்ள இப்படி இறுக்கிட்டு, நூல முள்ளோட காதுல, அதான் நரம்பு கோக்குற ஓட்டைல இருந்து கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வளைவு வரைக்கும் சுத்திட்டுப் போறேன். இப்ப வாலு. மாராபூன்னு சொல்றாங்க, பேரு மாராபூங்குற நாரைல இருந்து வந்துச்சு, ஆனா இப்ப கெடைக்கிறது வான்கோழிப் பஞ்சு இறகு. வாலு முள்ளோட நேர்த்தண்டு எவ்ளோ நீளமோ அவ்ளோ இருந்தாப் போதும். கட்டும்போது நூல நேரா இழுத்தீங்கன்னா இறகு சுத்திட்டு அந்தப் பக்கம் போயிடும், அதனால கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இறகப் பிடிச்சு, அந்த விரலுக்குள்ளயே நூல ஒரு லூசு வளையமா விட்டு, அப்புறம் கீழ இழுக்கணும்... ஆங், நின்னுச்சு பாருங்க. இத ஒருத்தரும் சொல்லித் தரல, நானா திண்டாடி கத்துக்கிட்டேன்.

அடுத்து செனில், பொசுபொசுன்னு இருக்குற நூல் இது, அது கூடவே சேவல் இறகு, நுனிப் பக்கத்த இங்க வால்கிட்ட கட்டணும், அப்பதான் வால்கிட்ட முடி குட்டையாவும் தலைகிட்ட நீளமாவும் வரும். சேவல் இறக முள்ளுல கட்டுறது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல, சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடியே ஈலியன்னு ஒரு ரோமானியர், மாசிடோனியாக்காரங்க முள்ளுல செவப்புக் கம்பளி சுத்தி சேவல் இறகு ரெண்டு வச்சு மீன் பிடிக்கிறாங்கன்னு எழுதி வச்சிருக்காரு. அங்க யாராச்சும் என்ன மாதிரி தலைய வீங்க வச்சாங்களான்னு எழுதல.

அந்தத் தலை எதனால வீங்குதுன்னா, எல்லாத்தையும் காது வரைக்கும் கொண்டு வந்து நெருக்கிடுறோம், கடைசில முடிச்சுப் போட எடமில்ல, காது ஓட்டையும் நூலுல அடைஞ்சு போயிடும், அப்புறம் தண்ணிக்கரைல நின்னுக்கிட்டு நரம்பு நுழைய மாட்டேங்குதுன்னு அழணும். ஒரு காது அளவு எடம் காலியா விடுங்க. நீங்க விட்டுட்டதா நெனைக்கிறத விட இன்னும் கொஞ்சம் விடுங்க.

கட்ட ஆரம்பிச்சதுல இருந்து நான் தண்ணிக்குப் போனா முதல்ல ராட எடுக்குறதில்ல, ஒரு கல்லப் பெரட்டிப் பாப்பேன். அடிப்பக்கம் குட்டி குட்டியா பூச்சிங்க ஓடும், கேடிஸ்னு ஒரு பூச்சியோட புழு மணல ஒட்டி ஒட்டி தனக்கே ஒரு வீடு கட்டி உள்ள உக்காந்திருக்கும். ஃப்ராங்க் சாயர்னு இங்கிலாந்துல ஏவான் ஆத்தப் பாத்துக்கிட்ட ஒருத்தர், மேஃப்ளைங்குற பூச்சியோட குஞ்சு தண்ணிக்குள்ள நீந்தும்போது கால ஒடம்போட ஒட்டி மடக்கிக்கும்னு கவனிச்சு, கால் இல்லாமயே ஒரு ஃப்ளை கட்டுனாரு, ஃபெசன்ட் பறவை வால் இறகும் செப்புக் கம்பியும் மட்டும்தான், நூலே கிடையாது, கம்பியே நூலு, கம்பியே வெயிட்டு. அது மேல எனக்கு ஒரு பைத்தியம், இன்னும் கட்ட வரல.

செனில் சுத்தியாச்சு, இறகும் சுத்தியாச்சு, இப்ப விப் ஃபினிஷ், அதான் கடைசி முடிச்சு... இருங்க இருங்க... ச்ச, நூல் அறுந்துருச்சு. இதுக்குத்தான் ரொம்ப இழுக்காதீங்கன்னு சொல்றது. நுனிய கிளிப்புல பிடிச்சிட்டு மறுபடி சுத்திக்கலாம், அவிழல, தப்பிச்சோம். முடிச்சு போட்டாச்சு, ஒரு சொட்டு பசை.

காஞ்சதும் இந்தக் கண்ணாடி டம்ளர்ல போட்டுக் காட்டுறேன்... கட் பண்ணிட்டு வரேன்... ஆங், இப்ப பாருங்க, வெளிய பொசுபொசுன்னு இருந்தது நனைஞ்சதும் எப்படி ஒல்லியாச்சு, லேசா ஆட்டுறேன், அந்த வாலப் பாருங்க, மூச்சு விடுற மாதிரி இல்ல? ஆனா ஒரு பக்கமா சாயுது. இறகு இந்தப் பக்கம் அதிகமாப் போயிருச்சு போல. பரவால்ல, நாளைக்கு இதத்தான் கட்டிட்டுப் போறேன்.