ஏழு கறி இருக்கு, சோறு எங்க?

வணக்கம் நேயர்களே. நம்ம ரேடியோ தம்பி போன் போட்டு "ஃபுட்பால் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்கண்ணே"ன்னு கேட்டப்ப எந்த டீம்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல என் கடைக்கு வந்தவங்களுக்குத் தெரியும், கல்லாவுக்கு மேல முருகன் படம், அதுக்குப் பக்கத்துலயே மான்செஸ்டர் யுனைடெட் காலண்டர். எங்க பரம எதிரி லிவர்பூல் ஆளுங்க ரேடியோவ அணைச்சுடாதீங்க, இன்னைக்கு விருந்து உங்களுக்குத்தான், யுனைடெட்டோட பின்வரிசை ஓட்டையத்தான் பேசப் போறேன்.

2024 ஏப்ரல் 4, யுனைடெட்டுக்கு செல்சியோட ஆட்டம், நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி பதினொன்னேகாலுக்கு ஆரம்பிச்சுது. ரெண்டு கோல் பின்னாடி இருந்து எழுந்து வந்து 3-2ன்னு முன்னாடி நிக்கறோம், 99வது நிமிஷம், நான் காத்தோ பிமா, அதான் மிளகாய் வடை, தட்டோட சோஃபாவுல ஏறி நிக்கறேன், வீட்டுக்காரி "பக்கத்து வீட்டுல தூங்குறாங்க"ன்னு சத்தம் போடுறா. அப்ப பின்னாடி தடுக்கற நம்ம டாலோ செல்சியோட மதுவேக்கேவ தட்டி விட்டாரு, பெனால்டி, அவங்க பால்மர் அடிச்சாரு. சரி டிராவாவது மிஞ்சும்னு உக்காந்தா ஒரு கார்னர், சின்னதா பால்மருக்கே தள்ளி விட்டாங்க, அவரு அடிச்ச பந்து நம்ம மக்டோமினே மேல பட்டுத் திரும்பி உள்ள போயிருச்சு. 4-3. அஞ்சு நாளைக்கு முன்னாடி பிரென்ட்ஃபோர்ட்லயும் இதே கூத்துதான், 96வது நிமிஷத்துல கோல் போட்டு 99ல வாங்கிக்கிட்டோம்.

மறுநாள் கடையில எல்லாரும் டாலோவத் திட்டுனாங்க. எனக்கு அது நியாயமாப் படல. அன்னைக்கு இடைவேளையில பின்னாடி நடுவுல தடுக்கற வரான் போயிட்டாரு, அவருக்குப் பதிலா வந்த எவன்ஸும் காயம்பட்டு வெளிய போனாரு, அப்புறம் வந்தது கம்ப்வாலா, 19 வயசுப் பையன். எவன்ஸ் யாருன்னா, யுனைடெட்லயே வளந்து, 2015ல வித்துட்டு, 2023ல 35 வயசுல இனாமாத் திரும்ப எடுத்தவரு. மனுஷன் நல்லாத்தான் ஆடுனாரு, குத்தம் அவர் மேல இல்ல, அவர நம்பி சீசன ஓட்டலாம்னு கணக்குப் போட்டவங்க மேல.

2023 கோடையில என்ன வாங்குனாங்க? ஹோய்லுண்டுக்கு 64 மில்லியன் பவுண்ட், மவுண்ட்டுக்கு 55, இதெல்லாம் முதல்ல குடுத்தது மட்டும். ரெண்டு பேரும் முன்னாடி ஆடுறவங்க. நம்ம வீட்டு விசேஷத்துல வாழை இலையில ஏழு கறி வைப்போம்ல, அந்த ஏழையும் அருமையா சமைச்சிட்டு சோறு வடிக்க மறந்துட்டா எப்படி இருக்கும், அதுதான் இந்த டீம், பின்னாடி தடுக்கற ஆளுங்கதான் அந்தச் சோறு.

நான் பையனா இருந்தப்ப இடது பேக், அதாவது பின்னாடி இடது பக்கம் தடுக்கறவனா, ஆடுனவன், அதனால அந்த இடத்தப் பத்திச் சொல்லாம விட மனசு வரல. நம்ம இடது பேக் ரெண்டு பேர்ல மலாசியாங்கறவரு அந்த 2023-24 சீசன் பூரா ஒரு ஆட்டம் கூட ஆடல. இன்னொருத்தர் லூக் ஷா பாதி நாள் காயம். அதுக்காகத்தான் டாட்டன்ஹாம்ல இருந்து ரெகிலோன்ங்கற இடது பேக்க லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு இரவலா, கொண்டு வந்தாங்க, சரி. ஜனவரியில ஷா தேறிட்டாருன்னு ரெகிலோன அனுப்பிட்டாங்க. பிப்ரவரி 18, லூட்டன் ஆட்டம், ஷாவுக்குத் திரும்பவும் காயம், அதோட அந்த சீசன்ல யுனைடெட்டுக்கு அவர் ஆடவே இல்ல! ரெகிலோன் எங்க போனாருன்னு கேளுங்க, பிரென்ட்ஃபோர்ட். இப்ப சொன்னேனே, அந்த ஆட்டத்துல நம்ம கோல் மேல 31 ஷாட் அடிச்ச அதே பிரென்ட்ஃபோர்ட். சிரிக்கறதா அழறதா சொல்லுங்க.

பேக்ல ஆள் மாறிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு ஆடுனவங்களுக்குத் தெரியும், பக்கத்துல நிக்கறவன் ஏறுவானா இறங்குவானான்னு தெரியாம எல்லாரும் பயந்து பின்னாடியே போவாங்க, ஆனா முன்னாடி இருக்கறவங்க பிரஸ் பண்ண, அதாவது எதிரிகிட்ட பந்தப் பறிக்க, மேல ஓடுறாங்க, நடுவுல ஒரு பெரிய வயல் காலியாக் கெடக்கும், எதிரி அதுல நிதானமா நடந்து வரலாம். கிரிஸ்டல் பேலஸ் மே 6ல அப்படித்தான் வந்தாங்க. நம்ம சென்டர் பேக், அதாவது பின்னாடி நடுவுல தடுக்கற, மார்ட்டினெஸ், வரான், மகுவயர், லிண்டலோஃப் நாலு பேருமே இல்ல, மிட்ஃபீல்டர் கசெமிரோவ சென்டர் பேக்கா நிறுத்துனாங்க, 12வது நிமிஷமே பேலஸோட ஒலீசே அவர சுத்திக்கிட்டுப் போயி அடிச்சாரு. முடிவுல 4-0. முந்தின வருஷம் லீக்ல 43 கோல் வாங்குன டீம் அந்த வருஷம் 58 வாங்குச்சு, 8வது இடம்.

அடுத்த கோடையில டி லிக்ட், மஸ்ராவி, யோரோன்னு பேக்குக்குத்தான் செலவு பண்ணாங்க, சந்தோஷப்பட்டேன். ஆனா இடது பக்கம்? திரும்ப ஷாவையும் மலாசியாவையும் நம்புனாங்க, திரும்ப ரெண்டு பேரும் படுத்துட்டாங்க. நவம்பர்ல புது கோச்சா அமோரிம் வந்து மூணு பேக், ரெண்டு விங் பேக், அதாவது ஓரத்துல ஏறி இறங்கி ஓடுறவங்கன்னு ஆட வைக்க ஆரம்பிச்சாரு, அதுக்கு இடது காலு ஆளு கண்டிப்பா வேணும், டாலோவையே இழுத்து அந்தப் பக்கமும் ஓட விட்டாங்க. இடது காலு ஆளு டோர்கு வந்தது 2025 பிப்ரவரியில. ரெகிலோன் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த சீசன் 15வது இடத்துல முடிஞ்சுது, காலண்டர இன்னும் கழட்டல, முருகன் படத்துக்குப் பக்கத்துலயேதான் தொங்குது.