தட்டைத் திருப்பும் நேரம்

வணக்கம் நேயர்களே. நம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் எத்தனையோ வீட்டில் பழைய இசைத்தட்டு இன்னும் இருக்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஆயா வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் இருந்தது. 78 சுற்றுத் தட்டு. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். அரை மணி விரித்துப் பாடும் ராகத்தை வித்துவான்கள் அதற்குள் அடக்கிப் பாடியிருப்பார்கள். தட்டு சுற்றத் தொடங்கினால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. சாவி தளர்ந்து பாடகரின் குரல் இறங்கினால் ஓடிப்போய்ச் சுற்றுவது என் வேலை. பக்கம் முடிந்ததும் ஆயா ஊசியை மாற்றுவார், தட்டைத் திருப்புவார். அப்போதும் வாய் திறக்கக் கூடாது. "பாட்டு முடியலடா, பாதிதான் ஆயிருக்கு" என்பார். இன்றும் பாட்டுக் கேட்கும்போது எனக்கு வேறு வேலை ஓடாது.

அந்தப் பழக்கத்தோடுதான், கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தத்தில் இங்கே வந்த நம் முன்னோரின் கப்பல் பட்டியல்களைப் படிக்கிறேன். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 342 பேர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று இந்தப் பட்டியல்கள் போகும். ஒருநாள் மாலை, நொடிக்கு ஒருவர் என்று தொடையில் தாளம் போட்டு எண்ணினேன். 5 நிமிடம் 42 நொடி. ஆயாவின் தட்டு இரண்டு பக்கமும் ஓடி முடியும் நேரம்! எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1911 வரை ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. அதே தாளத்தில் எண்ணினால், காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் நள்ளிரவு தாண்டிவிடும்.

வந்தவர்கள் எண்ணிக்கையை வருடவாரியாகத் தூண்களாக வரைந்தால் 1866க்குப் பிறகு ஏழு வருடம் வெறும் தரை. பார்ப்பவர் 'ஒன்றுமில்லை' என்று தாண்டிப் போவார். தாளம் போட்டுக் கேட்டால் தாண்ட முடியாது. நேட்டாலில் தொழில் படுத்துவிட்டது. ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 1871இல் ஊர் திரும்பியவர்கள் கூலிப் பிடித்தத்தையும் அடி உதையையும் அங்கே முறையிட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது. 1874இல்தான் கப்பல் மறுபடி வந்தது. அந்த ஏழு வருடமும் நம் ஆட்கள் இங்கேதான் இருந்தார்கள். கரும்பு வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். மறுபடியும் சொல்கிறேன், இங்கேதான் இருந்தார்கள். பாட்டு முடியவில்லை.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவாளர் விரல் காட்டுகிறார். 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எண்களைக் கோடாக வரைந்து அச்சிட்ட படங்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். காலத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்டார் அவர், நாம் சுரம் எழுதுவது போலவே. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அடுத்து ஒரு பழைய தட்டு, இரண்டு பக்கமும். திருப்பும்போது வரும் மௌனத்தை வெட்ட வேண்டாம் என்று நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன்.