காப்பர் ஸ்லாக்கில் இருக்கும் இரும்பைக் காந்தம் இழுக்காதா?

கேள்வி இதுதான்: "ஸ்டீல் ஸ்லாக்கை நொறுக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரிக்கிறார்கள். காப்பர் ஆலை ஸ்லாக்கில் 40 சதவீதம் இரும்பு இருக்கிறதாமே, அதை ஏன் அப்படி எடுப்பதில்லை? தூத்துக்குடிப் பக்கம் கறுப்பு மணலாகக் குவிந்து கிடந்ததே?"

ஸ்லாக் என்றால் உலோகத்தை உருக்கும்போது பிரியும் கசடு. 40 சதவீதம் என்பது ஏறக்குறைய சரிதான். ஆனால் அது இரும்பு என்ற உலோகமாக இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஸ்டீல் ஸ்லாக்கை வடிக்கும்போது உருகிய எஃகும் கொஞ்சம் அதோடு போய்விடும். ஆறியதும் கட்டிக்குள் துளியாகவும் துண்டாகவும் சிக்கிக் கிடக்கும். நொறுக்கி, கன்வேயரில் ஓட்டி, காந்த உருளையைக் காட்டினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்.

காப்பர் கதை வேறு. தாமிரத் தாது பெரும்பாலும் சால்கோபைரைட். அதில் ஒரு தாமிர அணுவுக்கு ஓர் இரும்பு அணு உண்டு, கந்தகமும் உண்டு. அந்த இரும்பைக் கழற்றிவிடத்தான் உலையில் சிலிக்கா மணலை வேண்டுமென்றே போடுகிறார்கள். ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். அதுதான் ஸ்லாக். அதில் முக்கியமான கனிமத்துக்கு ஃபயலைட் என்று பெயர். சாதாரண காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் கொஞ்சம் இருக்கும், அது ஒட்டும்; ஆனால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்து வருவதால் சுத்தமாகக் கிடைக்காது.

உருக்கி எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். சுண்ணாம்பு சேர்த்தால் அது சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும், கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், இரும்பு அடியில் தங்கும். ஆனால் ஸ்லாக்கில் மிச்சமிருந்த தாமிரமும் அதே இரும்பில் போய்க் கரையும். தாமிரம் அதிகமான எஃகைச் சூட்டில் உருட்டினால் மேற்பரப்பில் விரிசல் விடும். பிறகு அந்தத் தாமிரத்தை வெளியே எடுக்க மலிவான வழி கிடையாது. 60 சதவீதத்துக்கு மேல் இரும்புள்ள தாது ஒடிசாவிலும் கர்நாடகத்திலும் கிடைக்கும்போது, இதற்கு யார் மின்சாரத்தைக் கொட்டுவார்கள்?

என்னைக் கேட்டால், அதில் கவனிக்க வேண்டியது இரும்பே இல்லை, தாமிரம்தான். உலையிலிருந்து வரும் ஸ்லாக்கில் 1 சதவீதத் தாமிரம் இருப்பது சாதாரணம். இன்றைக்குச் சிலி நாட்டில் வெட்டும் தாதுவிலேயே பல இடங்களில் அவ்வளவு இல்லை! அதனால் மின் உலையில் தேக்கி, தாமிரம் கலந்த துளிகளை அடியில் இறங்கவிட்டு எடுப்பார்கள். இன்னொரு வழி, பெரிய தொட்டிகளில் ஊற்றி மெதுவாக ஆறவிடுவது. மெதுவாக ஆறினால் தாமிரத் துகள்கள் ஒன்றுகூடிப் பெரிதாகும். அப்புறம் மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கலாம். நீங்கள் பார்த்த கறுப்பு மணல், தண்ணீரைப் பாய்ச்சி ஒரே நொடியில் குளிரவைத்தது. அதில் மிச்சத் தாமிரம் நுண்ணிய துகளாகச் சிறைப்பட்டுவிடும், எடுப்பது கஷ்டம்.

பழைய ஸ்லாக்கை மறுபடி உருக்குவது புதிய யோசனை அல்ல. கிரேக்கத்தில் லாவ்ரியன் வெள்ளிச் சுரங்கம் வற்றியபோது, முன்னோர் கொட்டிய கசடையே உருக்கி வெள்ளி எடுத்தார்கள் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 1860-களில் ஓர் இத்தாலியர் அங்கே போய், அதே மேடுகளிலிருந்து ஈயம் எடுத்தார்.

சரி, மிச்சக் கறுப்பு மணலை என்ன செய்வது? கப்பல் கட்டும் தளங்களில் துருவைச் சுரண்ட, அழுத்தக் காற்றில் அடிக்கிறார்கள். இரும்போடு சேராமல் தனியாக இருக்கும் சிலிக்கா மிகக் குறைவு என்பதால், மணலை அடிப்பதை விட நுரையீரலுக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் முகக்கவசம் வேண்டும். கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்க 2016-இல் வந்த ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதி அனுமதிக்கிறது. முழுக்க முழுக்கப் போடக் கூடாது. தண்ணீரை உறிஞ்சாது என்பதால் கலவையில் நீர் மேலே கசியும். ஓடைக் கரையிலும் தாழ்ந்த நிலத்திலும் கொட்டி மேடாக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பயன்பாடு இல்லை, இடம் மாற்றிக் கொட்டுவது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: இது ஆற்று மணலை விடக் கனம், ஒப்படர்த்தி சுமார் 3.5, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல மூன்றரை மடங்கு எடை. டன் கணக்கில் வாங்கினால் அளவு குறைவாகத்தான் வரும், விலை பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.