வெளிநாட்டுப் பயணத்துல வயிறு கெடாம இருக்கணும்னா: சூடு, தண்ணி, கை, ஓஆர்எஸ்

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாடு கிளம்பும்போது பாஸ்போர்ட், விசா, ரூம் புக்கிங், சார்ஜர்னு எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுறோம். வயித்துக்குன்னு பாத்தா ஒரு பட்டை பேதியை நிறுத்துற மாத்திரையை பையில போட்டுட்டு அதோட விட்டுடறோம். இன்னைக்கு வயித்துக்கான லிஸ்டை முழுசா பாக்கலாம். மேஜை மேல எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன், ஒவ்வொண்ணா காட்டுறேன்.

முதல்ல ஒரு விஷயம். வயிறு கெட்டா "தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்லிட்டுப் போயிடறோம். தண்ணி ஒத்துக்காம போறதில்ல. யாரோ ஒருத்தரோட மலத்துல இருந்த கிருமி தண்ணி வழியாவோ, சாப்பாடு வழியாவோ, கை வழியாவோ நம்ம வாய்க்குள்ள வந்திருக்கு. கேக்க அருவருப்பா இருக்கும், ஆனா இது புரிஞ்சாத்தான் எங்க தடுக்கணும்னு தெரியும். பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம்: ஈ.கோலை வகைகள், கேம்பிலோபாக்டர், ஷிகெல்லா, சால்மொனெல்லா. அடுத்து நோரோவைரஸ் மாதிரி வைரஸ்கள். கொஞ்சம் பேருக்கு ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணி. ரெண்டு வாரப் பயணத்துல, போற நாட்டையும் பருவத்தையும் பொறுத்து, நூத்துக்கு 30-ல இருந்து 70 பேர் வரைக்கும் பேதி வருதுன்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லுது. அதனால இது பலவீனமான வயிறு உள்ளவங்க பிரச்சினைன்னு நினைக்காதீங்க.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஹோட்டல் பளபளன்னு இருக்கா, விலை ஜாஸ்தியா, மேஜையில வெள்ளைத் துணி விரிச்சிருக்காங்களான்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. கேக்க வேண்டியது ஒரே கேள்வி: இது எப்ப வெந்தது? தெருவோரக் கடையில உங்க கண்ணு முன்னாடி அடுப்புல கொதிச்சு, ஆவி பறக்க தட்டுல விழுற சாப்பாடு, பெரிய ஹோட்டல் பஃபேல மூணு மணி நேரமா வெதுவெதுன்னு உக்காந்திருக்கிற சாப்பாட்டை விட எவ்வளவோ மேல். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவுலதான் பாக்டீரியா வேகமா பெருகும். சமைச்ச சாப்பாடு அந்தச் சூட்டுல 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. வெளியில 32 டிகிரிக்கு மேல வெயில் அடிக்குதுன்னா 1 மணி நேரம்தான் கணக்கு.

பஃபேல சாப்பிட்டே ஆகணும்னா, அது திறக்கிற நேரத்துக்குப் போங்க. புதுசா கொண்டு வந்து வைக்கிற பாத்திரத்துல இருந்து எடுங்க. கரண்டியை உள்ள விட்டுக் கிளறினா ஆவி வரணும். மேல் பக்கம் மட்டும் சூடா இருந்து நடுவுல ஆறியிருந்தா அதைத் தொடாதீங்க.

"ஆறினா என்ன, மறுபடி சூடு பண்ணித் தரச் சொல்லலாமே"ன்னு தோணும். இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சோறு சமைச்சு அப்படியே வெளியில விட்டா, பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா அதுல வளரும். அதோட வித்து கொதிக்கிற சூட்டையே தாங்கிடும். சோறு ஆறினதும் முளைச்சு, பெருகி, வாந்தி வர வைக்கிற நச்சைச் சுரக்கும். அந்த நச்சு சூடு பண்ணினாலும் அழியாது. சமைக்கிறவங்க கை, மூக்குல இருந்து வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சும் அப்படித்தான். சாப்பிட்ட சில மணி நேரத்துலயே கடுமையா வாந்தி வந்தா இந்த ரெண்டையும் சந்தேகப்படலாம். மத்த பாக்டீரியா, வைரஸுக்கெல்லாம் 6 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் ஆகும். ஆக, கடைசியா சாப்பிட்ட கடையைத் திட்டுறோமே, பல தடவை அந்தக் கடை காரணமே இல்ல.

பச்சைக் காய்கறி சாலட், இலைகள் வேண்டாம். மடிப்பு மடிப்பா இருக்கிற இலையை நல்ல தண்ணியில கழுவினாலும் முழுசா சுத்தமாகாது. கழுவின தண்ணி எதுன்னு நமக்குத் தெரியவும் போறதில்ல. பழம்னா தோல் உரிக்கிற பழமா வாங்கி, கையைக் கழுவிட்டு நீங்களே உரிங்க. வெட்டி அடுக்கி வச்ச பழம் பாக்க அழகா இருக்கும், ஆனா அதை வெட்டின கத்தியும் பலகையும் மேல தெளிச்ச தண்ணியும் எதுன்னு தெரியாது. மேஜையில நாள் முழுக்கத் திறந்து கிடக்கிற சாஸ் கிண்ணத்தையும் விட்டுடுங்க. காய்ச்சாத பால், பாஸ்டுரைஸ் பண்ணாத சீஸ் வேண்டாம். சிப்பி வகைகளைப் பச்சையா சாப்பிடவே கூடாது. அது தண்ணியை வடிகட்டித்தான் இரை எடுக்குது, அந்தத் தண்ணியில கழிவு கலந்திருந்தா கிருமி மொத்தமும் அதுக்குள்ள சேரும்.

வெப்பமண்டலத் தீவுகளுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பவளப்பாறைப் பக்கம் வாழுற பெரிய மீன்கள், சீலா, களவா மாதிரி, சிகுவாடெரா நச்சை உடம்புல வச்சிருக்கலாம். மீன் எவ்வளவு புதுசா இருந்தாலும், எவ்வளவு வேக வச்சாலும் அது போகாது. வாசனையிலயும் ருசியிலயும் தெரியாது. பெரிய மீன்ல ஆபத்து ஜாஸ்தி, குறிப்பா தலை, ஈரல், குடல், முட்டை. இவ்வளவு சொன்னதும் பயந்துடாதீங்க. ரொட்டி, பிஸ்கட், கொட்டைகள் மாதிரி ஈரம் இல்லாததும், சூடா அப்பவே சமைச்சதும் எங்க போனாலும் கிடைக்கும்.

அடுத்து தண்ணி. சீல் உடையாத பாட்டில். மூடியைத் திருகும்போது அந்த வளையம் உடையுற சத்தம் கேக்கணும். சந்தேகமா இருந்தா சோடா வாட்டர் வாங்குங்க, திரும்ப நிரப்பின பாட்டில்ல அந்த வாயு இருக்காது. ஐஸ் வேண்டாம்! உறைஞ்சா கிருமி சாகாது, தூங்கும். உங்க டம்ளர்ல கரைஞ்சதும் எழுந்துக்கும். மதுவுல போட்டாலும் அதே கதிதான். பல் தேய்க்கவும் இதே பாட்டில் தண்ணி. குளிக்கும்போது வாயை மூடிக்கோங்க. நீச்சல் குளத்துத் தண்ணியையும் விழுங்கிடாதீங்க. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி குளோரின் போட்ட தண்ணியிலயே நாள்கணக்குல உயிரோட இருக்கும்.

பாட்டில் கிடைக்காத இடத்துக்குப் போறீங்கன்னா, கொதிக்க வைக்கிறதுதான் ராஜா. குமுறிக் கொதிக்க ஆரம்பிச்சதுல இருந்து 1 நிமிஷம். 2000 மீட்டருக்கு மேல உள்ள மலைப்பகுதின்னா 3 நிமிஷம், ஏன்னா அங்க தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிடும். இதோ, இந்த மாதிரி பயண ஃபில்டர் வாங்குறவங்க துளை அளவைப் பாருங்க: 0.2 மைக்ரான்னா பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் நிக்கும், வைரஸ் நிக்காது. குளோரின் மாத்திரை அதுக்கு நேர் எதிர், பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியத்தை விட்டுடும். அதனால வடிகட்டிட்டு, அப்புறம் மாத்திரை போட்டு, பட்டையில சொன்ன நேரம் முழுக்கக் காத்திருந்து குடிங்க. கலங்கலான தண்ணியில மாத்திரையும் சரியா வேலை செய்யாது, கிருமியைக் கொல்ற யூவி (புற ஊதா) விளக்கும் வேலை செய்யாது.

கை பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நான் ரெண்டே விஷயம் சேக்கிறேன். சானிடைசர்ல ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்கணும். ஆனா நோரோவைரஸ் மேல அது சரியா வேலை செய்யாது. சோப்பும் தண்ணியும் கிடைக்கும்போது 20 செகண்ட் தேய்ச்சுக் கழுவுறதுதான் முதல் வழி. ரெண்டாவது, கை கழுவிட்டு வந்து உக்காந்து, நாள் முழுக்கத் தொட்ட போனை எடுத்துக்கிட்டே சாப்பிட்டா கழுவினதுக்கு அர்த்தமே இல்ல.

கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி டாக்டரைப் பாத்துடுங்க. டைஃபாய்டு ஊசி குறைஞ்சது 2 வாரம் முன்னாடி போடணும். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருக்கீங்களான்னு பாருங்க. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரை தினம் போடுறவங்க, அது இப்பவும் தேவையான்னு கேளுங்க: வயித்து அமிலம்தான் கிருமிக்கு முதல் தடுப்புச் சுவர், அந்த மாத்திரை அதைக் குறைச்சிடும். பிபிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுறவங்க, "பேதி வந்து உடம்பு வத்திப் போச்சுன்னா எதை நிறுத்தணும், எதை நிறுத்தக் கூடாது"ன்னு எழுதி வாங்கிக்கோங்க. சில மாத்திரைகள் அந்த நேரத்துல கிட்னியைப் பாதிக்கும். கருத்தடை மாத்திரையும் கடுமையான வாந்தி பேதியில உடம்புல சேராம போகலாம். ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கின மாத்திரை, பொடி) காப்பாத்தும்னு நம்பி பணம் போடாதீங்க, தெளிவான ஆதாரம் இன்னும் இல்ல.

விமானத்துல வயிறு உப்புறது சாதாரணம். உள்ள இருக்கிற காத்தழுத்தம் 1800-ல இருந்து 2400 மீட்டர் உயரத்துல இருக்கிற மாதிரி வச்சிருப்பாங்க, அதனால குடல்ல இருக்கிற வாயு கால் பங்குக்கு மேல விரியும். ஏறுறதுக்கு முன்னாடி சோடா பானம், பயறு வகை, சூயிங் கம் தவிர்த்தாலே ஓரளவு குறையும்.

மலச்சிக்கலைப் பத்தி யாரும் வாய் திறக்கிறதில்ல, ஆனா நிறைய பேர் இதுலதான் கஷ்டப்படுறாங்க. நேரம் மாறுது, தண்ணி குறையுது, மணிக்கணக்குல உக்காந்திருக்கோம், புது இடத்து கழிப்பறை பிடிக்காம அடக்கிக்கிறோம். இதுல அடக்குறதுதான் பெரிய தப்பு. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடல் தானா அசையும், அந்த 20 நிமிஷத்தை வேற எதுக்கும் கொடுக்காதீங்க. மலத்தை இளக்குற நார்ப்பொடியான இசப்கோல் எடுத்தா ஒரு டம்ளர் தண்ணி கட்டாயம். தண்ணி பத்தலன்னா அதுவே அடைச்சிக்கும். அதைப் பயணத்துக்குச் சில நாள் முன்னாடியே ஆரம்பிச்சுப் பழகிக்கோங்க.

இவ்வளவு பண்ணியும் பேதி வரலாம். அப்ப முதல்ல எடுக்க வேண்டியது இதோ, இந்த ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது தண்ணியில கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. ஆளுக்கு 4 பாக்கெட்டாவது வச்சுக்கோங்க. பின்னாடி திருப்பி, எவ்வளவு தண்ணிக்குன்னு படிங்க. 1 லிட்டர் பாக்கெட்டும் இருக்கு, 200 மில்லி பாக்கெட்டும் இருக்கு. முழு பாக்கெட்டை ஒரே தடவையில, சொன்ன அளவுத் தண்ணியில, பாதுகாப்பான தண்ணியில கலக்கணும். பாதியைக் கொட்டி பாதியை மடிச்சு வச்சா உப்பும் சர்க்கரையும் சமமா பிரியாது. ஜூஸ்லயோ கோலாவுலயோ கலக்கவே கூடாது. இதுல சர்க்கரை ருசிக்காகப் போடல. குடல்ல சர்க்கரை உள்ள போகும்போது சோடியத்தையும் கூட்டிட்டுப் போகும், ரெண்டுக்கும் பின்னாலயே தண்ணி போகும். சர்க்கரை அளவு ஏறிடுச்சுன்னா தண்ணி திரும்பக் குடலுக்குள்ள இழுத்துக்கும், பேதி இன்னும் ஜாஸ்தியாகும். கோலா குடிச்சு மோசமாகிறது இதனாலதான். பாக்கெட் இல்லன்னா 1 லிட்டர் தண்ணிக்கு சமமா வழிச்ச 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வச்சுக்காதீங்க.

ஒவ்வொரு தடவை போய்ட்டு வந்ததும் ஒரு டம்ளர். வாந்தி வந்தா 10 நிமிஷம் பொறுத்து, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு ஆரம்பிங்க. மடக் மடக்குன்னு குடிச்சா திரும்ப வெளிய வந்துடும். சிறுநீர் வெளிர் மஞ்சளா வந்தா போதுமான அளவு குடிக்கிறீங்கன்னு அர்த்தம். பட்டினி கிடக்காதீங்க, பசிச்சா எளிமையா சாப்பிடுங்க. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

பேதியை நிறுத்துற லோபெரமைடு மாத்திரை, நீண்ட பஸ் பயணம் மாதிரி கட்டாயத்துக்கு உதவும். பெரியவங்களுக்கு முதல்ல 2 மில்லிகிராம் மாத்திரை 2, அப்புறம் ஒவ்வொரு தடவை பேதியானதும் 1; டாக்டர் சொல்லாம ஒரு நாளைக்கு 4 மாத்திரையைத் தாண்டக் கூடாது, அளவு மீறினா இதயத் துடிப்பையே கெடுக்கும். குழந்தைகளுக்கு நீங்களா கொடுக்காதீங்க. காய்ச்சலோ மலத்துல ரத்தமோ இருந்தா இதைத் தொடவே கூடாது, வெளியேற வேண்டியதை உள்ளயே அடைச்சு வச்ச மாதிரி ஆயிடும். ஆன்டிபயாடிக், நடமாட முடியாத அளவுக்குப் பேதி உள்ளவங்களுக்குத்தான். லேசான பேதிக்குப் போட்டா, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வயித்துல வச்சுக்கிட்டு வீடு திரும்புவீங்க. எது, எத்தனை நாள்னு கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயே எழுதி வாங்குங்க. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுல சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் அடங்குறதில்ல, அதனால அங்க போறவங்களுக்கு அஜித்ரோமைசின் எழுதித் தருவாங்க.

மலத்துல ரத்தம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், எதைக் குடிச்சாலும் வாந்தி, எழுந்தா தலை சுத்தல், 8 மணி நேரமா சிறுநீரே இல்ல: இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயசானவங்களுக்கு இவ்வளவு கூட காத்திருக்க வேண்டாம். மலேரியா இருக்கிற நாடுன்னா, காய்ச்சலோட பேதி வந்தா மலேரியா ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் கேளுங்க, மலேரியாவும் இப்படி வரும்.

ஊர் திரும்பினதுக்கு அப்புறம் 2 வாரம் தாண்டியும் வயிறு இளக்கமாவே இருக்கு, உப்பசம், ஏப்பம், எடை குறையுதுன்னா ஜியார்டியாவா இருக்கலாம். அதுக்கு மருந்தே வேற, மல பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட போகும்போது எந்த நாட்டுல எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் இருந்தீங்க, வழியில எந்த மாத்திரை போட்டீங்கன்னு போன்ல குறிச்சு வச்சுக் காட்டுங்க.